கிரேக்க எழுத்து மாட்டிய வீடும் பழைய மாணவர் பணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு பல்கலைக்கழக ஊரில் படித்தபோது நான் ஒரு ஃபிராட்டர்னிட்டியில் சேர்ந்தேன். படித்து முடித்துப் பல வருஷம் கழித்து, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பழைய மாணவர் குழுவில் கணக்கெழுத ஆள் இல்லை என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். இந்தியன் என்றால் கணக்கு தானாக வரும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இங்கே பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தமிழ் நண்பர்களும், ஊரிலிருந்து போன் போடும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஃபிராட்டர்னிட்டி என்றால் சங்கமா, விடுதியா, குடிகாரர் கூட்டமா?

மூன்றும் கொஞ்சம் கொஞ்சம். கல்லூரிப் பையன்கள் சேரும் சங்கம் இது. பெயரில் இரண்டு மூன்று கிரேக்க எழுத்து, சேரும்போது ஒரு ரகசியச் சடங்கு, சேர்ந்தபின் ஆயுள் முழுக்க 'சகோதரன்' என்ற உறவு. பெண்களுக்கானது சொரோரிட்டி. 1776 டிசம்பர் 5 அன்று வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். அது பிற்பாடு நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவ அமைப்பாகிவிட்டது. இன்று நாம் பார்க்கிற ரகத்தின் வேர் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கனெக்டடி ஊரின் யூனியன் கல்லூரியில் இருக்கிறது: 1825-இல் கப்பா ஆல்ஃபா, 1827-இல் சிக்மா ஃபையும் டெல்டா ஃபையும்.

அப்போது வீடெல்லாம் கிடையாது. யாராவது ஒருவர் அறையில் கூடுவார்கள். 1840களில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இந்தச் சங்கங்களை ஒழித்துக்கட்டப் பார்த்த காலத்தில், 'கை சை' என்ற ஃபிராட்டர்னிட்டியின் மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழக ஊரான ஆன் ஆர்பரின் காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் போட்டுக்கொண்டார்கள். ஃபிராட்டர்னிட்டிக்கென்றே கட்டிய முதல் கட்டடம் என்று பலரும் சொல்வது அதைத்தான். கூட்டம் போடக் கட்டிய குடில் அடுத்த எண்பது வருஷத்தில் தூண் வைத்த மாளிகையானது. கல்லூரிகளுக்கும் அது சௌகரியம்தான். விடுதி போதாதபோது பையன்கள் தாங்களே கூரை தேடிக்கொண்டால் யாருக்குக் கசக்கும்?

அந்த வீடு யாருக்குச் சொந்தம்? கல்லூரிக்கா?

சில இடங்களில் கல்லூரிக்கு, சில இடங்களில் தேசியத் தலைமைக்கு. ஆனால் பெரும்பாலும் 'ஹவுஸ் கார்ப்பரேஷன்' என்ற தனி நிறுவனத்துக்கு. அதன் இயக்குநர்கள் பழைய மாணவர்கள், சம்பளம் கிடையாது. நம்மூர்ப் பழக்கத்தில் சொன்னால் கோயில் தர்மகர்த்தா மாதிரி, மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவு.

அதாவது மூன்று அடுக்கு. வீட்டில் குடியிருக்கும் மாணவர்கள் சாப்டர். அவர்களுக்கு உரிமப் பட்டயம் கொடுப்பது தேசிய அமைப்பு. வீட்டுப் பத்திரம் இருப்பது ஹவுஸ் கார்ப்பரேஷனிடம், மாணவர்கள் அதற்கு வாடகைதாரர்கள். இப்படிப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள் வருஷா வருஷம் மாறிக்கொண்டே இருப்பார்கள், முப்பது வருஷக் கடன் பத்திரத்தில் அவர்களைக் கையெழுத்துப் போடச் சொல்ல முடியாது. தவிர, சாப்டர் மேல் யாராவது வழக்குப் போட்டால் கட்டடம் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது. (அப்படித் தப்பிக்க முடியும் என்று வக்கீல்கள் எழுதிக்கொடுத்தாலும், வழக்கு வந்தால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்.)

மாணவர்கள்தான் வாடகை கொடுக்கிறார்களே, அப்புறம் எதற்குப் பழைய மாணவர்களிடம் கை நீட்டுகிறீர்கள்?

நியாயமான கேள்வி, நானே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கணக்குக்கு நாற்பது படுக்கை உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதும் நிரம்பினால் காப்பீடு, சொத்து வரி, சமையல்காரர் சம்பளம், வெந்நீர், மின்சாரம் எல்லாம் போய்க் கையில் ஏதோ மிஞ்சும். முப்பதுதான் நிரம்பியது என்றால்? காப்பீட்டுக்காரர் பத்துப் பேரைக் கழித்துக்கொண்டு பில் அனுப்புவதில்லை. கூரையும் ஆள் குறைந்ததென்று கொஞ்சமாக ஒழுகாது.

இந்த வீடுகளில் நிறைய 1900-க்கும் 1930-க்கும் நடுவில் கட்டியவை. கல் ஓட்டுக் கூரை, நீராவிச் சூடேற்றும் குழாய்கள், பாட்டி காலத்து ஒயரிங். மாத வாடகையிலிருந்து பெரிய பராமரிப்புக்கென்று எடுத்து வைத்தால்தான் சமாளிக்க முடியும், ஆனால் பல வீடுகளில் அப்படி வைக்கவே இல்லை. பக்கத்துத் தெருவில் நீச்சல்குளத்தோடு தனியார் மாணவர் குடியிருப்பு வந்துவிட்டால் வாடகையை ஏற்றவும் முடியாது.

சில நேரம் கல்லூரி எடுக்கும் ஒரு முடிவே வருமானத்தை வெட்டிவிடும். எம்ஐடியின் ஃபிராட்டர்னிட்டிகள் பல சார்லஸ் ஆற்றுக்கு அக்கரையில், பாஸ்டனின் பேக் பே பகுதிப் பழைய செங்கல் வீடுகளில் இருக்கின்றன. முன்பெல்லாம் முதல் வருஷப் பையன்களே நேராக அங்கே குடியேறிவிடுவார்கள். 1997-இல் ஒரு முதல் வருஷ மாணவர் அளவு மீறிக் குடித்து இறந்தார். 2000-இல் எம்ஐடி அந்தக் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் அளவில் ஈடு கொடுத்தது, 2002 முதல் முதலாண்டு மாணவர் எல்லோரும் வளாகத்துக்குள்தான் தங்க வேண்டும் என்றும் விதித்தது. சரியான முடிவுதான், என்னைக் கேட்டால். ஆனால் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள்: நாலு வருஷக் குடித்தனக்காரர் மூணு வருஷக்காரர் ஆகிவிட்டார், வீட்டின் அளவு அப்படியே இருக்கிறது.

நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். சாப்டரும் பெரும்பாலான ஹவுஸ் கார்ப்பரேஷன்களும் வரிச் சட்டத்தில் 501 சி 7 என்ற பிரிவில் வரும், அதாவது மனமகிழ் மன்றம். அவை லாபத்துக்காக நடப்பவை அல்ல, ஆனாலும் அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை உங்கள் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. தேசிய அமைப்பு தனியாக நடத்தும் அறக்கட்டளை 501 சி 3-இல் வரும். அங்கே கொடுத்தால் கழிவு உண்டு, ஆனால் அந்தப் பணம் கல்விக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் படுக்கையறைக்கு வர்ணம் அடிக்க முடியாது, படிப்பறைக்கு மேசை வாங்கலாம். வீட்டு நூலகம், கணினி, இணைய இணைப்பு இவற்றுக்கு வழி உண்டு. வீட்டில் எத்தனை சதுர அடி கல்விக்குப் பயன்படுகிறது என்று அளந்து, அந்த விகிதத்தில் செலவைப் பிரிப்பார்கள். கூடத்தின் மூலையில் நாலு நாற்காலி போட்டு 'படிப்பறை' என்று பலகை மாட்டுவது இதனால்தான். கல்லூரியின் சொந்த விடுதிக்குக் கொடுத்தால் முழு விலக்கு, பக்கத்தில் அதே மாணவர் தங்கும் இந்த வீட்டுக்குக் கொடுத்தால் இல்லை. இதை மாற்றச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பலமுறை மசோதா கொண்டு வந்திருக்கிறார்கள்.

காசோலை எழுதும் முன் ரசீதில் எந்த நிறுவனத்தின் பெயர் வரும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் தருவேன் என்றால் எதற்குத் தரட்டும்?

ஸ்பிரிங்க்ளருக்கு, அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்புக்கு. யோசிக்கவே வேண்டாம்.

1996 மே 12. சாப்பல் ஹில், வட கரோலினா பல்கலைக்கழகம். அன்றைக்குப் பட்டமளிப்பு விழா, அன்னையர் தினமும் அதே நாள். விடியற்காலையில் ஃபை காமா டெல்டா வீட்டில் தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் இறந்தார்கள். சரியாக அணைக்காத சிகரெட்டில் ஆரம்பித்த தீ. அந்த வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. பிறகு அந்த ஊர் எல்லா ஃபிராட்டர்னிட்டி, சொரோரிட்டி வீடுகளிலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

பழைய வீட்டில் ஸ்பிரிங்க்ளர் பொருத்துவது பெரிய செலவு, சுவரைக் கிழிக்க வேண்டும், தெருக் குழாயிலிருந்து தனி இணைப்பு இழுக்க வேண்டும், முடித்த பிறகு பார்த்தால் கூரையில் சின்னச் சின்ன உலோகப் பூ மட்டும்தான் தெரியும். படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. அதனாலேயே இதற்குப் பணம் திரட்டுவது பாடாய்ப் படுத்தும். மதுக் கூடத்துக்குக் கருங்காலி மேசை வேண்டும் என்றால் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

நன்கொடையாளர் பெயரை அறையில் போடுவார்களா?

போடுவார்கள். நம்மூர்க் கோயில்களில் டியூப் லைட்டில் 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தையே மறைத்திருப்பார்களே, அதற்கு இங்கே பித்தளைத் தகடு. பெரிய நிதி திரட்டலில் பத்துப் பதினைந்து பேரிடமிருந்துதான் பாதிக்கு மேல் வரும் என்பது இந்த வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலில் அவர்களைத்தான் போய்ப் பார்ப்பார்கள், அறைக்கு விலை வைப்பார்கள், ஐந்து வருஷத் தவணையில் உறுதிப் பத்திரம் வாங்குவார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை, கொதிகலனுக்கும் யாராவது தன் பெயரைக் கேட்டால் சந்தோஷப்படுவேன். ஆறு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

அப்படி என்ன பெரிய வீடுகள்? சேர்த்து வைக்கும் அளவுக்கு?

சிலது நிஜமாகவே பொக்கிஷம். இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் தனக்கென்று ஒரு கல் மாளிகை கட்டத் தொடங்கினார், அது முடிவதற்குள் 1874-இல் இறந்துவிட்டார். 1911-இல் அதை டெல்டா ஃபை வாங்கியது. வீட்டின் பெயர் லென்ராக். ஆங்கிலத்தில் கார்னெல் என்ற எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் வருவது. நிறுவனர் குடியேறக் கட்டிய வீட்டில் இன்றைக்குப் பையன்கள் ஈரத் துண்டு உலர்த்துகிறார்கள்.

பெர்க்லியில் பீட்மான்ட் அவென்யூவில் இருக்கும் தார்சன் இல்லம் இன்னும் ஆச்சரியம். கிரீன் அண்ட் கிரீன் என்ற கட்டடக் கலைச் சகோதரர்கள் 1909-இல் ஒரு மர வியாபாரிக்காகக் கட்டியது. ஆணி தெரியாத மர இணைப்பு, வண்ணக் கண்ணாடி, தொட்டுப் பார்க்கத் தோன்றும் வேலைப்பாடு. அதே சகோதரர்கள் பாசடீனாவில் கட்டிய கேம்பிள் இல்லத்தைச் சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்க வேண்டும். தார்சன் இல்லமோ 1940களிலிருந்து சிக்மா ஃபை வசம், மாணவர்கள் அதில் தூங்கி எழுந்து வகுப்புக்குப் போகிறார்கள். ஹேவர்டு நிலநடுக்கப் பிளவு பக்கத்திலேயே ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த வீட்டுப் பழைய மாணவர்களின் கவலை என்ன மாதிரியானது என்று புரியும்.

இப்படிப்பட்ட வீடு அரிது. எங்களுடையது சாதாரணச் செங்கல் பெட்டி, முன்னால் இரண்டு தூண்.

'லெகஸி' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

இந்த ஒரு சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம். ஒன்று வாரிசு: அப்பாவோ தாத்தாவோ அண்ணனோ உறுப்பினராக இருந்தால் பையன் 'லெகஸி'. முன்பெல்லாம் அவனுக்குச் சலுகை உண்டு. 2020 வாக்கில் பல சொரோரிட்டிகள் அந்தச் சலுகையை எடுத்துவிட்டன. பரம்பரையாக வருபவர்களுக்கு முன்னுரிமை என்றால், ஒரு காலத்தில் யாரையெல்லாம் உள்ளே விட்டார்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே மறுபடியும் இடம் என்றாகிறது.

இன்னொரு அர்த்தம், வீடு விட்டுச்செல்லும் நினைவு. எங்கள் மாடிப்படிச் சுவர் முழுக்க ஒவ்வொரு வருஷமும் எடுத்த குழுப் படங்கள், முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாக. 1943-லிருந்து 45 வரை படமே இல்லை, பையன்கள் போருக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பல ஃபிராட்டர்னிட்டி வீடுகள் ராணுவப் பயிற்சியாளர்கள் தங்கும் இடமாகின. அந்த இடைவெளியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அதே சுவரில் முதல் கறுப்பு முகம் எந்த வருஷம், முதல் ஆசிய முகம் எந்த வருஷம் என்று பேசுவதில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்த ஃபிராட்டர்னிட்டிகள் நிறைய. 1948-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை சாப்டர் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தது. தேசியத் தலைமை அந்தச் சாப்டரையே விலக்கி வைத்தது. அவர்கள் சளைக்காமல் ஃபை ஆல்ஃபா சை என்று பெயரை மாற்றிக்கொண்டு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய மாணவர் விருந்தில் சொல்ல வேண்டிய கதை என்றால் இதைச் சொல்வேன். என் படம் தொங்கும் வரிசையில் இந்தியப் பெயர் என்னுடையது மட்டும்தான், அதிலும் எழுத்துப்பிழை.

சாப்டரை மூடிவிட்டால் வீடு என்ன ஆகும்?

வாடகை நின்றுவிடும், கடன் தவணை நிற்காது. சாப்டரைத் தண்டிக்கும்போது பெரும்பாலும் நாலு வருஷம் என்பார்கள். அப்போது உள்ளே இருக்கும் கடைசிப் பையனும் பட்டம் வாங்கிப் போய்விடுவான், பழைய பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது என்ற எண்ணம். அந்த நாலு வருஷமும் பழைய மாணவர்கள் வீட்டை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டோ, கையிலிருந்து போட்டோ ஓட்ட வேண்டும். பல வீடுகள் கைமாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

சொந்தப் பத்திரம் இருக்கிறதே, யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தவர்கள் உண்டு. டார்ட்மத் கல்லூரியில் ஆல்ஃபா டெல்டா வீடு பழைய மாணவர் நிறுவனத்துக்குச் சொந்தம். உறுப்பினர்கள் உடம்பில் சூடு போட்டுக்கொண்ட விவகாரத்தில் 2015-இல் கல்லூரி அங்கீகாரத்தை ரத்து செய்தது. கல்லூரியோடு தொடர்பு இல்லாமல் மாணவர் விடுதி நடத்தக் கூடாது என்பது கல்லூரி இருக்கும் ஹானோவர் ஊரின் நிலப் பயன்பாட்டு விதி. 'விதிக்கு முன்பிருந்தே நாங்கள் இருக்கிறோம்' என்று நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2017-இல் தோற்றார்கள். தீர்ப்புக்குப் பிறகும் வீடு அவர்களுடையதுதான், ஆனால் மாணவரைக் குடிவைக்க முடியாமல் போனது.

கல்லூரியே மொத்தமாக ஒழித்ததும் உண்டு. வில்லியம்ஸ் கல்லூரி 1962-இல் முடிவெடுத்தது, வீடுகள் மெல்ல மெல்லக் கல்லூரி கைக்குப் போயின. கோல்கேட் பல்கலைக்கழகம் 2003-இல், வீட்டை எங்களுக்கு விற்றால்தான் அங்கீகாரம் என்றது. டெல்டா கப்பா எப்சிலான் மறுத்து வழக்குப் போட்டது, பலிக்கவில்லை.

இதனால், ஹவுஸ் கார்ப்பரேஷன் விதிமுறையில் 'கலைத்தால் சொத்து யாருக்கு' என்ற பத்தியை யாராவது ஒருவர் படித்து வைத்திருக்க வேண்டும். எங்களிடம் நான் சேர்ந்தபோது யாரும் படித்திருக்கவில்லை, நகல்கூட இல்லை, ஒருவர் வீட்டு நிலவறையில் அட்டைப் பெட்டிக்குள் கிடைத்தது.

ராகிங்கில் ஒரு பையன் செத்தால் பணம் கொடுத்தவர்களுக்கும் பொறுப்பு உண்டா?

இங்கே ஹேஸிங் என்பார்கள். கொடுத்தவர் எல்லோர் மேலும் வழக்கு வராது, நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் மேல் வரலாம். சட்டத்தை விடுங்கள். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில் 19 வயதுப் பையன் ஒருவனைக் குடிக்க வைத்தார்கள். நிலவறைப் படிக்கட்டில் விழுந்தான். மணிக்கணக்கில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. பழைய மாணவர்கள் பெரும் பணம் போட்டுப் புதுப்பித்த, முன்மாதிரி என்று பேசப்பட்ட வீடு அது. உள்ளே கண்காணிப்பு கேமராக்கள் இருந்தன. எல்லாம் பதிவாயிற்று, யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பல்கலைக்கழகம் அந்தச் சாப்டரை நிரந்தரமாகத் தடை செய்தது.

கேமராவுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற பழைய மாணவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். அதைவிடக் கோபம், விருந்துக்கு வந்து 'எங்கள் காலத்தில் எவ்வளவு அடி வாங்கினோம்' என்று பையன்களிடம் கதை அளப்பவர்கள் மேல். பையன்கள் அதைக் கேட்டுக்கொண்டு செய்து பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி கல்லூரிகள் ஹேஸிங் சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். உங்கள் பிள்ளையின் கல்லூரி அறிக்கையைத் தேடிப் பாருங்கள்.

வீடே இல்லாத ஃபிராட்டர்னிட்டிகளுக்குப் பழைய மாணவர் என்ன செய்வார்கள்?

சொல்லப்போனால் அவர்கள்தான் அதிகம் செய்திருக்கிறார்கள். 1906 டிசம்பர் 4 அன்று கார்னெலில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவரின் கிரேக்க எழுத்து அமைப்புகளில் பெரும்பாலான சாப்டர்களுக்கு வீடு கிடையாது. ஆனால் படிப்பு முடிந்த பிறகும் ஊருக்கு ஊர் பட்டதாரி சாப்டர்கள் உண்டு, அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவின் உறுப்பினர். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று யோசனை சொல்லி, பல வருஷம் பணம் திரட்டி, 2011 அக்டோபர் 16 அன்று முறைப்படி அர்ப்பணிக்க வைத்தது அந்த ஃபிராட்டர்னிட்டிதான். ஏறத்தாழ 12 கோடி டாலர் திட்டம்.

தெற்காசியர் தொடங்கியவையும் இருக்கின்றன: 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிக்மா பீட்டா ரோ, 1998-இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலான் சை. இவற்றின் முதல் தலைமுறைக்கு இப்போதுதான் ஐம்பதை ஒட்டிய வயது. நூறு வருஷ வீடு இல்லை, நூறு வருஷக் கூரைச் செலவும் இல்லை. வீடு வாங்கலாமா என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன், பாதி விளையாட்டாக.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. பயன்படுமா?

பணத்தைவிட. எங்கள் குழுவில் ஒரு குழாய் வேலைக்காரர், ஒரு காப்பீட்டு முகவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட முதல்வர் ஒருவர். அந்த முதல்வர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பையன்களோடு சாப்பிட்டுவிட்டு வருகிறார், அவ்வளவுதான் செய்கிறார். வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் எங்களுக்கு முதலில் தெரிவது அவர் மூலம்தான்.

என் பையன் இப்படி ஒரு வீட்டில் குடியேறப் போகிறான். நான் என்ன கேட்க வேண்டும்?

வீட்டுச் சொந்தக்காரர் யார், குழுவில் இருப்பவர்கள் எத்தனை முறை நேரில் வருகிறார்கள், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், சாப்டரை நடுவில் மூடினால் கட்டிய பணம் திரும்ப வருமா, உங்கள் வீட்டுக் காப்பீடு அவன் பொருள்களுக்குச் செல்லுமா. அப்புறம் அவன் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

போன ஆகஸ்டில் ஒரு அம்மா ஸ்பிரிங்க்ளர் சோதனைச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. இப்போது அது சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.